தமிழ் டீச்சர் பதில்கள்: வயிறும் பங்கும்

கேள்வி: அம்பேத்கர் பிறந்த நாள் கூட்டத்தில் ‘சகோதரத்துவம்’ என்று பத்துத் தடவையாவது சொன்னார்கள். அது எங்கிருந்து வந்த சொல்? நாங்கள் நண்பர்களைப் ‘பங்காளி’ என்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானா டீச்சர்?
– ஒரு வாசகர், புளியந்தோப்பு

பதில்: வடமொழியில் ‘சக’ என்றால் கூட, ‘உதரம்’ என்றால் வயிறு. இரண்டும் சேர்ந்து சகோதரன், ஒரே வயிற்றில் பிறந்தவன். ‘துவம்’ தன்மையைச் சொல்லும் விகுதி, சமத்துவம் மாதிரி. கிரேக்கர்களின் ‘அடெல்போஸ்’ என்ற சொல்லுக்குள்ளும் ஒரே கருப்பைதான் இருக்கிறது. பிலடெல்பியா என்ற ஊர்ப்பெயரில் ஒளிந்திருப்பது அதுதான். நம் ‘உடன்பிறப்பு’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதனால் எனக்கு அதன் மேல் பிரியம் அதிகம்.

ஆனால் வயிறு மட்டும் போதாது. கொல்லும் வியாதியும் நம் உடன்பிறந்ததுதான், அதைத் தீர்க்கும் மருந்து எங்கோ மலையில் இருக்கிறது என்கிறது மூதுரை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதும் உடன்பிறவாதவர்களைப் பற்றித்தான். சகோதரத்துவம் இல்லையென்றால் சமத்துவமும் சுதந்திரமும் பெயிண்ட் பூச்சைவிட ஆழமாக இறங்காது என்றார்.

சரி, உங்கள் ‘பங்காளி’க்கு வருகிறேன். அது சொத்தில் பங்கு உள்ளவனைக் குறித்த சொல். ‘தாயாதி’யும் அப்படித்தான். அதில் தாய் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இருப்பது தாயம், அதாவது பரம்பரைச் சொத்து. வரப்புச் சண்டை, கோர்ட்டு என்று அலைந்த அந்தச் சொல்தான் உங்கள் தெருவில் நட்பாகியிருக்கிறது. காசிமேட்டில் வளர்ந்த எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

என் அண்ணன் ஃபைபர் போட்டில் போனவர். மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ் காசைக் கழித்து, போட்டுக்கும் வலைக்கும் எடுத்து வைத்துவிட்டு, மீதியை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு வருஷம் அண்ணன் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். மூன்று வாரம் கடலுக்குப் போகவில்லை. அந்த மூன்று வாரமும் கூடப்போகிறவர் ஒருவர் சாயங்காலம் வந்து திண்ணையில் காசை வைத்துவிட்டுப் போவார். உறவில்லை, எங்கள் தெருகூட இல்லை. நோட்டெல்லாம் ஈரமாக இருக்கும், ஓரத்தில் செதில் ஒட்டியிருக்கும். “நான் வரவே இல்லையே, எனக்கு எதுக்குடா?” என்றார் அண்ணன்.

“நீ பங்காளியா இல்லியா?” என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அம்மா அந்த நோட்டுகளைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார்.