39 யூரோ கேட்கும் கட்டுரை

ஹானோவரில் நீர்வளம் முதுகலை படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஆய்வேட்டுக்காகக் கூகுளில் கட்டுரை தேடினால் ஒவ்வொன்றுக்கும் 39 யூரோ, 42 யூரோ என்று கேட்கிறது. நூலகத்தில் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள், போய்ப் பார்த்தால் எனக்கு அலமாரிகள்தான் தெரிகின்றன. சீனியர்கள் திருட்டுத் தளம் ஒன்றின் முகவரியைக் கொடுத்து, அதுதான் ஒரே வழி என்கிறார்கள். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் அண்ணா?"

முதலில் கார்டை எடுத்து உள்ளே வையுங்கள் தம்பி. ஜெர்மனிக்கு வந்து பதினாலு வருடம் ஆகிறது, அதில் ஆறு வருடம் பல்கலைக்கழகத்தில். ஒரு கட்டுரைக்குக்கூட நான் அந்த விலை கொடுத்ததில்லை.

அந்த 39 யூரோ உங்களைப் பார்த்துக் கேட்டதில்லை. நீங்கள் எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறீர்கள் என்றுதான் பதிப்பகத்தின் தளம் முதலில் பார்க்கிறது. விடுதி அறை வைஃபையிலிருந்து போனால் நீங்கள் யாரோ ஒருவர். அதே கட்டுரையை வளாகத்தில் எடுரோம் (eduroam) என்ற பல்கலைக்கழக வைஃபையில் திறந்து பாருங்கள், பெரும்பாலும் ஒரு கேள்வியும் இல்லாமல் பிடிஎஃப் இறங்கும். நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். என் முதல் செமஸ்டர் முழுக்க இது தெரியாமல் அறையில் உட்கார்ந்து சுருக்கங்களை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

அறையிலிருந்தே படிக்க இரண்டு வழி. ஒன்று, பல்கலைக்கழகத்தின் விபிஎன், அதாவது அறையில் இருந்தாலும் வளாக இணையத்துக்குள் இருப்பதுபோல் காட்டும் இணைப்பு. போட்ட பிறகும் காசு கேட்டால், எந்த இணைப்பு வகையில் (புரொஃபைல்) இணைந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பல இடங்களில் இரண்டு வகை வைத்திருப்பார்கள். ஒன்றில் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கங்கள் மட்டும் விபிஎன் வழியாகப் போகும், மற்றதில் எல்லாமே போகும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. இன்னொரு வழி, பதிப்பகத் தளத்திலேயே உங்கள் நிறுவனத்தின் வழியாக உள்நுழைவது. பட்டியலில் பெயரைத் தேடும்போது கவனம். ஹானோவர் என்று அடித்தால் லைப்னிட்ஸ் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி, ஹோக்‌ஷூலே என்று பல வந்து நிற்கும். தப்பானதைத் தட்டிவிட்டு, கடவுச்சொல் வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய.

கூகுளில் தொடங்குவதையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரை தேட கூகுள் ஸ்காலர் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் அமைப்புகளில் நூலக இணைப்புகள் என்ற இடத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துவிட்டால், கட்டுரைக்குப் பக்கத்திலேயே நூலகத்துக்கான சுட்டி வரும். ஆனால் ஒரு சஞ்சிகை நமக்குக் கிடைக்குமா என்று தெரிந்துகொள்ள இந்த நாட்டில் அதைவிட நல்ல கருவி ஒன்று இருக்கிறது. ஏட்செட்பே (EZB) என்பார்கள், மின்சஞ்சிகை நூலகம் என்று பொருள். 1997இல் ரேகன்ஸ்பூர்க் பல்கலைக்கழக நூலகம் தொடங்கியது, இப்போது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சஞ்சிகைகள் அதில் பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போக்குவரத்து விளக்கு மாதிரி ஒரு நிறம். பச்சை என்றால் யாரும் படிக்கலாம். மஞ்சள் என்றால் உங்கள் நூலகம் சந்தா கட்டியிருக்கிறது. சிவப்பு என்றால் முழுக் கட்டுரை உங்களுக்குத் திறக்காது. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்திருந்தால் சில ஆண்டுகளின் இதழ்கள் மட்டும் திறக்கும். புதியவர்கள் அதிகம் குழம்புவது இந்தக் கடைசி வகையில்தான். 2009 இதழ் திறக்கும், 1988 இதழ் திறக்காது, தன் கணக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று அங்கேயே எழுதியிருக்கும், படியுங்கள்.

உங்கள் துறையில் ஒரு வசதி, பச்சை நிறையவே இருக்கிறது. ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் ஹைட்ராலஜி அண்ட் எர்த் சிஸ்டம் சயின்சஸ் முழுக்கத் திறந்த சஞ்சிகை. அதை வெளியிடும் கோப்பர்நிக்கஸ் பதிப்பகம் இருப்பதும் உங்களுக்குப் பக்கத்திலுள்ள கோட்டிங்கனில்தான்.

"எல்செவியர் பதிப்பகத்தின் சஞ்சிகைகள் எல்லாம் ஜெர்மனியில் வராது" என்று சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். அது பழைய கதை. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் ஒன்றாகச் சேர்ந்து டீல் என்ற பெயரில் பெரிய பதிப்பகங்களோடு பேரம் பேசின. 2019இல் வைலியோடும், 2020 தொடக்கத்தில் ஸ்பிரிங்கர் நேச்சரோடும் ஒப்பந்தம் முடிந்தது. எல்செவியரோடு மட்டும் இழுத்துக்கொண்டே போய், 2018 நடுவிலிருந்து நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்குப் புதிய இதழ்கள் திறக்கவில்லை. அது 2023 செப்டம்பரில்தான் ஒப்பந்தத்துக்கு வந்தது. ஜர்னல் ஆஃப் ஹைட்ராலஜி அந்தப் பதிப்பகத்துடையது, எனவே சீனியர் பேச்சை நம்பாமல் நிறத்தைப் பாருங்கள்.

சிவப்பு வந்தாலும் உட்கார்ந்துவிட வேண்டாம். உங்கள் ஊர் நூலகம் லேசுப்பட்டதில்லை. TIB என்று எல்லோரும் சுருக்கிச் சொல்வது அறிவியல் தொழில்நுட்பத்துக்கான ஜெர்மன் தேசிய நூலகம். 1959இல் தொடங்கியது, உங்கள் பல்கலைக்கழக நூலகமும் அதுவேதான். இணையத்தில் திறக்காத பழைய தொகுதி அங்கே காகிதமாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. நீங்கள் அலட்சியமாகச் சொன்ன அந்த அலமாரிகள்தான்! அங்கேயும் இல்லையென்றால் ஃபெர்ன்லைஹே, அதாவது வேறு ஊர் நூலகத்திலிருந்து வரவழைப்பது. பெரும்பாலான இடங்களில் ஒரு வேண்டுகோளுக்கு 1.50 யூரோ. சில நாள் ஆகும், ஆய்வேட்டை ஒப்படைக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள்.

இன்னொன்று, எழுதியவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். நம் ஊரில் பேராசிரியருக்கு எழுதுவதென்றால் கை நடுங்கும். இங்கே தன் கட்டுரையை ஒருவர் படிக்கக் கேட்கிறாரே என்று சந்தோஷப்பட்டு அனுப்புகிறவர்கள்தான் அதிகம். பொதுப் பணத்தில் நடந்த ஆய்வாக இருந்தால், பெரும்பாலும் 12 மாதம் கழித்துத் அச்சுக்கு ஏற்கப்பட்ட தன் பிரதியைத் தானே வெளியிடும் உரிமையை 2014 முதல் ஜெர்மன் சட்டமே எழுதியவருக்குக் கொடுத்திருக்கிறது.

திருட்டுத் தளம் பற்றி உபதேசம் செய்யப் போவதில்லை. உங்களுக்காக வாங்கி வைத்திருப்பதை எடுக்கத் தெரியாமல் அங்கே போவது எனக்கு அசட்டுத்தனமாகப் படுகிறது. நம் ஊரிலேயே 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்து, அரசுக் கல்லூரிகளுக்கு ஆயிரக்கணக்கான சஞ்சிகைகள் திறந்திருக்கின்றன. நீங்கள் படித்தது தனியார் கல்லூரி என்றால் இந்தப் பழக்கம் வாய்க்காமல் போனதில் வியப்பில்லை.

அப்புறம், நான் செய்த முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள். ஊருக்குப் போகுமுன், கிராமத்தில் இணையம் எப்படி இருக்குமோ என்ற பயத்தில், பதிவிறக்க மென்பொருள் ஒன்றை ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். ஒரே சஞ்சிகையின் பத்து வருட இதழ்களும் இறங்க வேண்டும் என்று ஆசை. காலையில் எங்கள் பல்கலைக்கழகம் மொத்தத்துக்கும் அந்தப் பதிப்பகத்தின் கதவு சாத்தியிருந்தது. இயந்திரம் இறக்குகிறது என்று அவர்களுடைய தளம் கண்டுபிடித்துப் பூட்டிவிட்டது. மதியத்துக்குள் நூலகத்திலிருந்து மடல், நகல் என் பேராசிரியருக்கு. அவர் திட்டவில்லை. "பத்து வருட இதழையும் விமானத்திலேயே படித்துவிடுவீர்களா?" என்று மட்டும் கேட்டார். சந்தா ஒப்பந்தங்களில் மொத்தமாக இறக்கக் கூடாது என்ற விதி இருக்கும். தேவையானதை மட்டும் கையால் இறக்கி, கட்டுரைகளை ஒழுங்காக அடுக்கி வைக்கும் சோட்டேரோ (Zotero) மென்பொருளில் போட்டு வையுங்கள். படிப்பு முடிந்து பெயரை நீக்கிய பிறகு விபிஎன் கணக்கும் போய்விடும், இறக்கிய கோப்புகள் உங்களிடமே இருக்கும்.

சரி, இன்றிரவு விபிஎன் போட்டு அந்த 39 யூரோ கட்டுரையை மறுபடி திறந்து பாருங்கள். அப்போதும் காசு கேட்டால் சஞ்சிகையின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள், என்ன நிறம் காட்டுகிறது என்பதையும் சேர்த்து.