ரோமானியர் காலத்தை வைத்து ஒரு ஸ்ட்ராட்டஜி கேம் செய்ய ஆசை. வரலாறு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும், எங்கே தொடங்குவது?

கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை, நானாக ஊகிக்கிறேன். கல்லூரி முடித்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். ரோமானியப் படைகளை மேய்க்கும் கேம் எதையாவது விடிய விடிய விளையாடியிருப்பீர்கள். இப்போது ஒரு கேம் எஞ்சினை இறக்கி, பச்சைத் தரையில் பத்துச் சிப்பாய்களை நடக்கவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இங்கே வந்து கேட்கிறீர்கள். சரிதானே?

அந்தச் சிப்பாய்களைக் கொஞ்ச நாளைக்கு ஓரமாக நிறுத்திவையுங்கள். முதலில் கோதுமைக் கணக்கைப் போடுங்கள்.

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ரோமுக்கும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜுக்கும் நடந்த இரண்டாம் பியூனிக் போரை (கி.மு. 218–201) வைத்து ஒரு டர்ன் கேம் (மாறி மாறி முறை வைத்து ஆடுவது) செய்தோம். பெரிய வெற்றி ஒன்றும் இல்லை, போட்ட காசு திரும்பி வந்தது. 'போட்ட காசை எடுத்தவனெல்லாம் பாடம் நடத்த வந்துவிட்டான்' என்று யாராவது எழுதுவார்கள், எழுதட்டும். போட்ட காசை எடுப்பது இந்தத் தொழிலில் எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

ரோமில் எந்தக் காலம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 'ரோமானியர் காலம்' என்றால் ஆயிரம் வருடத்துக்கு மேல். நாங்கள் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலை எடுத்ததற்குக் காரணம் அந்தப் போரில் ஒரு புதிர் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் வருகிறான். டிரெபியா, டிராசிமீன் ஏரி, கன்னே என்று மூன்று பெரிய போர்களில் ரோமை நொறுக்குகிறான். அப்புறமும் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இத்தாலியிலேயே சுற்றுகிறான். ஆனாலும் ரோம் விழவில்லை. ஏன்? அந்த 'ஏன்' கேமுக்குள் இல்லையென்றால் நீங்கள் செய்வது வேறு சட்டை போட்ட சதுரங்கம்.

அதற்கான விடையில் பாதி சாப்பாடு. ரோமானியக் காலாள் வீரனுக்கு மாதம் எவ்வளவு கோதுமை என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதி வைத்திருக்கிறார். நம் அளவில் நாளுக்குச் சுமார் 900 கிராம். கி.மு. 216இல் கன்னேயில் ரோம் இறக்கிய காலாட்படை, அவர் கணக்கில், 80,000 பேர். அவர்களுக்கு மட்டும் தினம் 70 டன் கோதுமை. குதிரைகளுக்கான பார்லி தனி. ஒரு கோவேறு கழுதை 120 கிலோ சுமக்கும் என்று வைத்துக்கொண்டோம். ஒரே நாள் சாப்பாட்டுக்கு ஏறக்குறைய 600 கழுதை, அந்தக் கழுதைகளுக்கும் தீனி வேண்டும். இந்தக் கணக்கை எக்செல்லில் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் எங்களுக்குக் கேம் கிடைத்தது. கன்னே என்பதே ரோமானியர் தானியம் சேர்த்து வைத்திருந்த இடம். ஹன்னிபால் போருக்கு முன்பே அந்தக் கிடங்கைப் பிடித்துவிட்டான். அதற்கு இரண்டு வருடம் முன்னால் கிளாஸ்டிடியம் என்ற ஊரின் கிடங்கை, காவல் தலைவனுக்கு 400 பொற்காசு கொடுத்தே வாங்கிவிட்டான் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி. எங்கள் கேமில் அது ஒரு பட்டன். டெஸ்டர்களுக்கு மிகவும் பிடித்த பட்டனும் அதுதான்.

எங்கள் மேப்பில் கட்டங்கள் கிடையாது. ஊர்கள் புள்ளிகள், சாலைகள் அவற்றை இணைக்கும் கோடுகள். ரோமிலிருந்து காப்புவாவுக்கு கி.மு. 312இல் தொடங்கிய அப்பியா சாலை, அரிமினத்துக்கு கி.மு. 220இல் போட்ட ஃபிளமினியா சாலை, அப்புறம் துறைமுகங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு செலவு. அந்தச் செலவை எங்கிருந்து எடுப்பது? ரோமானியப் பேரரசர் டையோக்லீஷியன் கி.பி. 301இல் போட்ட விலை ஆணையில் வண்டி வாடகை, கப்பல் வாடகை, கோதுமை விலை எல்லாம் இருக்கின்றன. அதை வைத்து வரலாற்றாசிரியர்கள் போட்ட கணக்குப்படி, ஒரு வண்டி கோதுமை 300 மைல் போனால் விலை இரண்டு மடங்கு. மத்தியதரைக் கடலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கப்பலில் அனுப்புவது, 75 மைல் வண்டியில் இழுப்பதைவிட மலிவு. ஹன்னிபாலுக்கும் இதற்கும் 500 வருடம் இடைவெளி என்று எனக்கும் தெரியும், தயவுசெய்து யாரும் அதைச் சுட்டிக்காட்டி எழுத வேண்டாம். விலையை எடுக்கவில்லை, விகிதத்தை மட்டும் எடுத்தோம். மாட்டு வண்டி அந்த 500 வருடத்தில் ஒன்றும் மாறிவிடவில்லை. நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் மூடியிருக்கும் என்று ரோமானிய எழுத்தாளர் வெஜீஷியஸ் சொல்வதும் பிற்காலத்துச் செய்திதான். அதையும் வைத்துக்கொண்டோம். குளிர்காலத்தில் கப்பல் கோடுகள் மேப்பிலிருந்து மறையும்போது ஆட்டமே மாறிப்போகும்.

இதெல்லாம் சேர்ந்ததும் ஹன்னிபாலின் கஷ்டம் தானாக வெளிவந்தது, நாங்கள் தனியாக எதுவும் எழுதவில்லை. கடல் ரோமின் கையில். அவனுக்குத் துறைமுகம் வேண்டும், அறுவடை வேண்டும், ஒரே இடத்தில் ரொம்ப நாள் உட்காரவும் முடியாது. எங்கள் ஏஐ, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தெற்கே தெற்கே என்று இறங்கிப் போனது. அந்த ராத்திரி நாங்கள் போட்ட கூச்சலில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து திட்டிவிட்டுப் போனார்.

அடுத்தது, விளையாடுபவர் யார் என்பது. தளபதி என்று வைக்காதீர்கள், செனட் (ரோமின் ஆட்சி மன்றம்) என்று வையுங்கள். படையை நடத்தும் தலைமை ஆட்சியாளர்களான கான்சல்கள் இரண்டு பேர், பதவி ஒரு வருடம், அந்தக் காலத்தில் மார்ச் 15இல் பொறுப்பேற்பார்கள். நீங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த தளபதி அடுத்த மார்ச்சில் வீட்டுக்குப் போய்விடுவான், வருகிறவன் முட்டாளாகவும் இருக்கலாம். ஃபேபியஸ் சிக்கலுக்கும் இதில்தான் தீர்வு கிடைத்தது. கி.மு. 217இல் டிக்டேட்டராக (நெருக்கடியில் தற்காலிகமாக முழு அதிகாரம் பெறும் தலைவராக) வந்த ஃபேபியஸ், ஹன்னிபாலோடு நேரடியாக மோதாமல் பின்தொடர்ந்து பட்டினி போட்டார். புத்திசாலித்தனம்தான். ஆனால் 'சண்டை போடாமல் இரு' என்பது சரியான உத்தியாக இருக்கும் கேமை யார் விளையாடுவார்கள்? ரோமிலும் யாருக்கும் பிடிக்கவில்லை. அவருடைய துணைத் தளபதிக்கே அவருக்குச் சமமான அதிகாரத்தைக் கொடுத்தார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். காத்திருக்கலாம், ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு டர்னிலும் கூட்டாளி ஊர்களின் வயல்கள் எரியும், மக்களின் பொறுமை இறங்கும்.

கன்னேயில் தோற்றால் கேம் முடிந்துவிடக் கூடாது என்பதில் நான் விடாப்பிடியாக நின்றேன். கி.மு. 225 கணக்கெடுப்பின்படி ரோமும் கூட்டாளிகளும் சேர்ந்து ஆயுதம் தாங்கத் தகுதியுள்ளவர்கள் 7,00,000 காலாட்கள், 70,000 குதிரை வீரர்கள் என்கிறார் பொலிபியஸ். கன்னேக்குப் பிறகு அரசுச் செலவில் 8,000 அடிமைகளை வாங்கி ஆயுதம் கொடுத்தார்கள். கைதிகளை மீட்க ஹன்னிபால் கேட்ட பணத்தை மட்டும் தர மறுத்தார்கள். இத்தனையும் தெரிந்த பிறகு 'நீங்கள் தோற்றுவிட்டீர்கள்' என்று ஒரு திரை போட மனம் வருமா? எங்கள் கேமில் உங்களைத் தோற்கடிப்பது வேறொன்று. கி.மு. 209இல், ரோம் இத்தாலியில் அமைத்த 30 லத்தீன் குடியேற்றங்களில் 12, இனி ஆளும் தர முடியாது பணமும் தர முடியாது என்று சொல்லிவிட்டன. அது 20, 22 என்று ஏறினால் ரோம் காலி.

இப்போது யானைக் கதை. ஒரு பதிப்பு நிறுவனம், பெயர் வேண்டாம், எங்கள் கேமை எடுத்துக்கொள்ள முன்வந்தது. ஒரே நிபந்தனை: கன்னே போரில் யானை வேண்டும், கடையில் வைக்கும் முகப்புப் படத்திலும் யானை வேண்டும். கன்னேயில் யானை கிடையாது. டிரெபியாவுக்குப் பிறகு வந்த குளிரில் செத்து, அடுத்த வருடம் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதன் மேல் ஏறித்தான் ஹன்னிபால் சதுப்பு நிலத்தைக் கடந்தான், அந்தப் பயணத்தில் ஒரு கண் பார்வையும் போனது. எவ்வளவு நல்ல காட்சி, அதைப் படமாகப் போடலாமே என்றோம். ஒரு யானை போதாதாம். யானை வேண்டுமென்றால் கி.மு. 202இல் ஹன்னிபால் கடைசியாகத் தோற்ற ஸாமா போரில் 80 இருக்கிறது என்றோம். ஸாமா யாருக்குத் தெரியும் என்றார்கள்.

நான் உடை விஷயத்தில் பிடிவாதக்காரன் இல்லை. எங்கள் ஆர்ட்டிஸ்ட் பேரரசுக் காலத்துப் பட்டைக் கவசத்தைக் கொஞ்சம் நுழைத்திருந்தான், பார்த்தும் விட்டுவிட்டேன். 2004இல் வந்த ரோம்: டோட்டல் வாரில், கிரேக்க வம்சம் ஆண்ட எகிப்தின் படை பாரோ காலத்து வேஷத்தில் வரும். அதனால் யாரும் செத்துவிடவில்லை. ஆனால் கன்னேயில் ஹன்னிபால் ஜெயித்தது நடுவில் பின்வாங்கும் காலாட்படையாலும், பின்னால் சுற்றி வந்த குதிரைப்படையாலும். அங்கே யானையை விட்டால் ஜெயித்த காரணமே மாறிப்போகும். ஒப்பந்தம் முறிந்தது. நாங்களே வெளியிட்டோம்.

ரோம் எதற்கு, ராஜேந்திர சோழன் இல்லையா என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் செய்யுங்கள், முதல் ஆளாக வாங்குவேன். நான் ரோமை எடுத்தது, சிப்பாயின் மாதப் படி வரைக்கும் எண்ணிக்கையில் கிடைத்ததால். சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு 96 ஆடு என்பதுவரை கணக்கு இருக்கிறது. அதை வைத்துக் கோயில் பொருளாதார கேம் ஒன்று அருமையாகச் செய்யலாம். என் மேல் பாய்வதற்குப் பதில் யாராவது அதைத் தொடங்கலாம்.

இன்னொரு எரிச்சல், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனால் 'கேம் கம்பெனி' என்ற வார்த்தையைக் கேட்டதும் மேலாளர் முகம் மாறுகிறது. ரம்மியா தம்பி, அதைத்தான் தடை செய்துவிட்டார்களே என்கிறார். இல்லை சார், ஹன்னிபால் என்றால், அது என்ன புது ஆப்பா என்கிறார். பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே ரம்மி. சூதாட்டத்துக்கு 'ஆன்லைன் கேம்' என்று பெயர் வைத்தவர்கள் சம்பாதித்துவிட்டுப் போனார்கள், விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது நாங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலம் வாசிக்க வருமென்றால் பொலிபியஸின் மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம், மூன்றாம் புத்தகமும் ஆறாம் புத்தகமும் போதும். ஸ்டான்ஃபோர்டின் ஆர்பிஸ் தளத்தில் இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் ரோமானியர் காலத்தில் பயண நாளும் செலவும் வரும். முதல் ப்ரோட்டோடைப்பில் ரோம், காப்புவா, டாரென்டம் என்று மூன்றே ஊர், ஒரு படை, ஒரு கிடங்கு. படம் வேண்டாம், எண்கள் மட்டும். அதை நான்கு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். கோதுமை தீரும்போது அவர்களுக்குப் பதற்றம் வந்தால், அப்புறம் அந்தப் பத்துச் சிப்பாய்களுக்குச் சட்டை தைக்கலாம்.