கடைசி நல்ல நாள்

(வாசகர் கடிதம். பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள சார்,

இருபது வருடத்துக்கு மேலாக டென்னிஸ் பார்க்கிறேன். ஃபெடரருக்காகவே பார்க்கிறேன் என்றும் சொல்லலாம். 2021 விம்பிள்டன் காலிறுதியில் ஹுர்காச்சிடம் அவர் தோற்றுக்கொண்டிருந்தபோது, மூன்றாவது செட் 4-0 என்று ஆனதும் டிவியை அணைத்துவிட்டேன். 6-0 என்பதை மறுநாள்தான் படித்தேன். அதோடு சரி. அடுத்த வருடம் அவர் விடைபெற்ற ஆட்டத்தை இன்றுவரை பார்க்கவில்லை.

என் கேள்வி இதுதான். ஆட்டத்தில் அவ்வளவு நுட்பமாக யோசிக்கிறவர்களுக்கு, எப்போது நிறுத்த வேண்டும் என்பது மட்டும் ஏன் தெரிவதில்லை? உச்சத்தில் இருக்கும்போதே போய்விட்டால் நம் மனதில் அப்படியே இருப்பார்களே? குத்துச்சண்டையில் அலி, கிரிக்கெட்டில் சச்சின் என்று யாரை எடுத்தாலும் கடைசி வருடங்களைப் பார்க்கவே முடிவதில்லை. பணமா, கைதட்டல் மேல் இருக்கும் மயக்கமா? கோபத்தில் கேட்கவில்லை, வருத்தத்தில் கேட்கிறேன்.

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்த 6-0 எனக்கும் நன்றாக நினைவிருக்கிறது. விம்பிள்டனில் ஃபெடரர் ஒரு கேம்கூட எடுக்காமல் ஒரு செட்டை இழந்தது அதுதான் முதல் தடவை. நான் அணைக்கவில்லை. ஆனால் நடுவில் இரண்டு தடவை எழுந்துபோய் வேண்டாத வேலை ஏதோ செய்துவிட்டு வந்தேன். அதனால் உங்கள் வருத்தம் எனக்குப் புதிதில்லை. உங்கள் முடிவுதான் சரியாகப்படவில்லை.

சரிவு படிக்கட்டில் இறங்குவதுபோல வந்தால், எந்தப் படியில் நிற்கிறோம் என்று யாருக்கும் தெரிந்துவிடும். அது அப்படி வருவதில்லை. முதலில் போவது உடம்பு தேறும் வேகம். ஐந்து செட் ஆடிவிட்டு மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல எழுந்த உடம்பு, முப்பதைத் தாண்டியதும் இரண்டு நாள் ஓய்வு கேட்கும், அப்புறம் மூன்று நாள். கூடவே, சட்டென்று பாய வைக்கிற தசைகளின் வலு மெல்லக் குறையும். ஆனால் பந்தைப் படிக்கும் மூளை அப்படியே இருக்கும், இன்னும் கூர்மையாகக்கூட ஆகியிருக்கும். கிரிக்கெட்டில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய அரை நொடிகூட ஆவதில்லை. அதைப் பார்த்து, யோசித்து, பிறகு அடிக்க நேரமே கிடையாது. பந்து வீசுகிறவரின் கையைவிட்டுப் போகும் முன்பே அவர் மணிக்கட்டையும் தோளையும் வைத்து, எங்கே விழும் என்று பாதி முடிவு எடுத்தாக வேண்டும். அந்தப் படிப்பு வயதோடு வளரும். கால் இழந்ததைக் கண் ஈடுகட்டும், பல வருடம் ஈடுகட்டும்.

இதனால் என்ன ஆகிறதென்றால், நன்றாக ஓய்வெடுத்த ஒரு நாளில், வலி கொஞ்சம் குறைந்திருக்கும் ஒரு நாளில், எல்லாமே பழையபடி இருக்கும். ஆட்டக்காரருக்கே வித்தியாசம் தெரியாது. நேற்றைய தோல்விதான் விதிவிலக்கு, இன்றைக்கு ஆடுவதுதான் நிஜமான நான் என்று தோன்றும். எனக்குத் தோன்றுவது, நிறுத்த முடியாமல் போவதற்குப் பணமும் கைதட்டலும் பெரிய காரணம் இல்லை. இந்த நல்ல நாள்தான் காரணம். கெட்ட நாள்கள் மட்டுமே வந்தால் விடுவது சுலபம்.

சாம்ப்ராஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 விம்பிள்டனில் இரண்டாவது சுற்றிலேயே, தரவரிசையில் நூறுக்கு வெகு கீழே இருந்த ஜார்ஜ் பாஸ்டலிடம் தோற்றார். ஏழு முறை அங்கே பட்டம் வென்றவர், இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்து மனைவி எழுதித் தந்த கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக ஒரு பட்டமும் கிடையாது. உலகமே போய்விடுங்கள் என்றது. அந்தக் கோடையின் முடிவில் அமெரிக்க ஓபனுக்கு வந்தார். மூன்றாவது சுற்றில் ருசெட்ஸ்கியை ஐந்து செட்டில் தட்டுத்தடுமாறி ஜெயித்தார். தோற்ற ருசெட்ஸ்கியே, சாம்ப்ராஸின் கால் மெதுவாகிவிட்டது, அடுத்த ஆட்டத்தைத் தாண்ட மாட்டார் என்று நிருபர்களிடம் சொன்னார். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். சாம்ப்ராஸ் அதற்குப் பிறகு ஹாஸை ஜெயித்து, ராடிக்கை ஜெயித்து, இறுதியில் அகாசியையும் ஜெயித்துப் பதினான்காவது கிராண்ட்ஸ்லாமை எடுத்துக்கொண்டு போனார்.

அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். ஆனால் அன்றைக்கு அது அவருக்குத் தெரியாது. திரும்ப ஆடலாமா என்று யோசித்து, பயிற்சியைத் தொடங்கி, முடியாமல், கடைசியில் விடைபெறக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. உச்சத்தில் போனவர் என்று நாம் கொண்டாடுகிறவருக்கே அது உச்சம் என்று தெரிய அவ்வளவு நாள் ஆனது.

சரி, உங்கள் யோசனைப்படியே உச்சத்தில் போனவர் ஒருவர் உண்டு. பியார்ன் போர்க். 1981-ல் விம்பிள்டன், அமெரிக்க ஓபன் இரண்டு இறுதிகளிலும் மெக்கன்ரோவிடம் தோற்றார். பதினோரு கிராண்ட்ஸ்லாம் வென்றிருந்தவர், 1983 தொடக்கத்தில், இருபத்தாறு வயதில், முடிந்தது என்று சொல்லிவிட்டார். யாரும் அவர் தளர்ந்து பார்க்கவில்லை. நம் மனதில் அப்படியே இருக்க வேண்டியவர். ஆனால் 1991-ல் மாண்டி கார்லோவுக்குத் திரும்பி வந்தார், பழைய மர ராக்கெட்டோடு. எல்லோரும் கிராஃபைட்டுக்கு மாறிப் பல வருடம் ஆகியிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தோற்றார். அடுத்த இரண்டு வருடத்தில் ஆடிய எதிலும் ஜெயிக்கவில்லை. எனக்கு அந்த மர ராக்கெட் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். மெல்லத் தளர்ந்து, தோற்று, தன் எல்லையைத் தானே தொட்டுப் பார்த்துவிட்டு விலக அவருக்கு வாய்க்கவில்லை. அந்த வேலையை முப்பத்தைந்தாவது வயதுக்குப் பக்கத்தில், இன்னொரு காலத்தின் கருவியோடு வந்து செய்ய வேண்டியதாயிற்று.

அலியைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் நான் முழுக்க ஏற்கிறேன், அதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். 1967-லிருந்து மூன்றரை வருடம் அவரை ஆட விடவில்லை. திரும்பி வந்தபோது அந்தக் கால்கள் இல்லை. 1974-ல் கின்ஷாசாவில் ஃபோர்மனோடு மோதியபோது அலிக்கு முப்பத்திரண்டு வயது, ஃபோர்மன் அடித்துக் கொன்றுவிடுவார் என்று நண்பர்களே பயந்தார்கள். அலி என்ன செய்தார்? கயிற்றில் சாய்ந்துகொண்டு, அடிகளை வாங்கிக்கொண்டு, ஃபோர்மனைக் களைக்க வைத்து, எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். ஓட முடியாத உடம்பு கண்டுபிடித்த வித்தை அது. தளர்ச்சியோடு போட்ட ஒப்பந்தங்களில் அதைவிட மேதமையானது எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் விலை, அடி. இனிமேல் அடி வாங்கித்தான் ஜெயிக்க முடியும் என்று ஆகிவிட்டது. அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ நிறுத்தச் சொல்லிப் பார்த்து, கேட்காததால் 1977-ல் விலகிப் போனார்.

யோசித்துப் பாருங்கள், உலகமே முடியாது என்றபோது முடியும் என்று காட்டியவரிடம் போய், இப்போது நிஜமாகவே முடியாது என்று சொன்னால் அவர் எப்படி நம்புவார்? இதே குரலைத்தானே 1974-லும் கேட்டார். மற்றவர்களின் கணிப்பைக் காதில் போட்டுக்கொள்ளாத குணம்தான் அவரை அலியாக்கியது. அதே குணம் 1980 அக்டோபரில் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. முப்பத்தெட்டு வயது. எடையைக் குறைத்திருந்தார், பார்க்க இளமையாக இருந்தார். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சித் துணையாக இருந்தவர், தன் குருவைப்போல நினைத்தவரை அடிக்க வேண்டிய நிலையில் அவரே தவித்தார். பத்தாவது சுற்றுக்குப் பிறகு பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்தினார். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். அதற்குப் பிறகும் அடுத்த ஆண்டு ஒரு சண்டை. 1984-ல் பார்க்கின்சன் அறிகுறிகள் என்று உறுதியாயிற்று.

அங்கே எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் அலி மேல் இல்லை. அவருக்கு உரிமம் கொடுத்தவர்கள் மேல், டிக்கெட் விற்றவர்கள் மேல். மூளையும் உயிரும் பணயமாக இருக்கும் ஆட்டத்தில் நிறுத்தும் பொறுப்பை ஆடுகிறவரிடம் விடக் கூடாது. டென்னிஸில், கிரிக்கெட்டில் போவது மானமும் சராசரியும்தான். அது அவருடைய சொத்து, அவர் செலவழிக்கட்டும்.

சச்சின் விஷயத்தில், இளைஞர் ஒருவரின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார் என்ற வாதம் உண்டு. 2011 ஜனவரி கேப் டவுனுக்குப் பிறகு டெஸ்டில் அவருக்குச் சதமே இல்லை என்பது உண்மை. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆடினார். ஆனால் 2013 நவம்பரில் வான்கடேயில் அடித்த கடைசி 74-ஐப் பார்த்தீர்களா? பந்து மட்டையின் நடுவில் படும் அந்தச் சத்தம் அப்படியே இருந்தது. அப்படி ஒரு நாள் வாய்க்கிறவரிடம் நீயே போ என்று சொல்வது அநியாயம், அது தேர்வாளர்களின் வேலை. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆண்டர்சனிடம் அதைச் செய்தார்கள். 704 டெஸ்ட் விக்கெட் எடுத்தவரை 2024 ஜூலையில் லார்ட்ஸோடு போதும் என்று அனுப்பினார்கள். வலித்திருக்கும், ஆனால் முறையான செயல் என்றே நினைக்கிறேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த வருடம் லங்காஷயருக்காகச் சின்ன மைதானங்களில் வந்து பந்து வீசினார், நாற்பத்திரண்டு வயதில். அதைப் பார்த்து யாராவது பாவம் என்று சொன்னால் எனக்குப் புரிவதில்லை. பந்து வீசப் பிடிக்கிறது, வீசுகிறார்.

கடைசியாக உங்கள் ஃபெடரர். 2013 விம்பிள்டனில் இரண்டாவது சுற்றில், 116-வது இடத்தில் இருந்த ஸ்டகோவ்ஸ்கியிடம் தோற்றாரே, அன்றைக்கே போயிருக்க வேண்டும் என்று எத்தனை பேர் எழுதினார்கள். அவர் ராக்கெட்டின் தலையை 90 சதுர அங்குலத்திலிருந்து 97-க்கு மாற்றினார். 2016-ல் முழங்கால் அறுவை, ஆறு மாதம் ஆட்டமே இல்லை. 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் நடாலுக்கு எதிராக ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கி, எந்தப் பேக்ஹேண்டை நடால் பத்து வருடமாக உடைத்தாரோ அதே பேக்ஹேண்டைத் தட்டையாக, முன்னால் ஏறி வந்து அடித்து ஜெயித்தார். அந்த ஆட்டத்தை நீங்கள் எத்தனை தடவை திரும்பப் பார்த்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. உச்சத்தில் போயிருந்தால் அது இல்லை. 2021-ன் அந்த 6-0-வும் அதே பிடிவாதத்திலிருந்து வந்ததுதான். ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

அந்த விடைபெறும் ஆட்டத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பர், லண்டன், நடாலோடு சேர்ந்து இரட்டையர் ஆட்டம். எல்லோரும் கடைசியில் இருவரும் அழுததைத்தான் சொல்வார்கள். நீங்கள் முதல் செட்டில் ஒரு இடத்தைக் கவனியுங்கள். ஓடிவந்து ஃபோர்ஹேண்ட் ஒன்று அடிக்கிறார், பந்து வலைக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியில் புகுந்து அந்தப் பக்கம் போய் விழுகிறது. விதிப்படி புள்ளி எதிரணிக்கு. நாற்பத்தொரு வயது, அறுவை செய்த முழங்கால், வாழ்க்கையின் கடைசி ஆட்டம். அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு அவர் சிரிக்கிறார்.