கரு யாருக்குச் சொந்தம்? – வாசகர் சட்டக் கேள்விகள்

கேள்வி: ஈரோடு மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி முதலாளியின் கள்ள எடையைக் கண்டுபிடிப்பதாக ஒரு சிறுகதை எழுதி, உள்ளூர் இலக்கியக் கூட்டத்தில் வாசித்தேன். இப்போது அதே கதை குறும்படமாக வந்திருக்கிறது. என் பெயர் இல்லை. நான் கதையைப் பதிவு செய்யவில்லை. வழக்குப் போடலாமா ஐயா? கதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பதிவு செய்யாததற்காகக் கலங்காதீர்கள் அம்மணி. எழுதியபோதே பதிப்புரிமை உங்களுடையதாகிவிட்டது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் ‘அதே கதை’ என்கிறீர்களே, எது அதே?

மண்டி, கள்ள எடை, அதைப் பிடிக்கும் பெண் ஆகிய மூன்றும் மட்டும்தான் பொது என்றால் வழக்கு நிற்காது. மண்டிக்குப் போய்வரும் எவருக்கும் அந்தக் கரு தோன்றலாம். தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. அவர் தோற்றார்.

உங்கள் கதையைப் படித்தேன். ரேஷன் கடையில் வாங்கிய ஐந்து கிலோ அரிசியை நாயகி மண்டித் தராசில் வைத்துப் பார்க்கிறாளே, அது உங்கள் சொத்து. (ரேஷன் கடை எடையை அவள் நம்பியதுதான் எனக்கு வியப்பு.) அந்தக் காட்சியும், அதையொட்டிய உரையாடலும், நிகழ்ச்சிகளின் வரிசையும் படத்தில் அப்படியே இருந்தால் துணிந்து இறங்குங்கள். இரண்டையும் காட்சி காட்சியாக எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். கூட்டத்தின் அழைப்பிதழ், கதையை யாருக்காவது அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். எழுதிய தேதியை நிரூபிக்கக் கதையைத் தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பது பெரிய சான்றாகாது. ஒட்டாத உறையை அனுப்பிவிட்டு அப்புறம் எதையும் உள்ளே திணிக்கலாம் என்பது எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரியாதா?

முதலில் வக்கீல் நோட்டீஸ். படமெடுத்தவர் சென்னைக்காரர் என்றாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டாம். அதே சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி உங்கள் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம்.

கேள்வி: நான் வரைந்த போர்வை டிசைனை விசைத்தறியில் நெய்து விற்கிறேன். பக்கத்துத் தெருவிலும் அதையே நெய்கிறார்கள். எனக்குப் பதிப்புரிமை உண்டா?
– ஒரு வாசகர், சென்னிமலை

பதில்: இது கதையைப் போலல்ல. டிசைன்களுக்கென்றே உள்ள வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யாமல் ஐம்பதுக்கு மேல் நெய்துவிட்டீர்கள் என்றால் அந்த டிசைனில் உங்கள் பதிப்புரிமை போய்விட்டது. சந்தைக்கு வந்துவிட்டதை இனிப் பதியவும் முடியாது. அடுத்த டிசைனை யாருக்கும் காட்டும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு கிடைக்கும்.