1959 மொறிஸ் மைனர் காருக்கு ஒறிஜினல் கலர் கண்டுபிடிக்கிறது

பொனற்ற (எஞ்சின் மூடியை) கம்பியூட்டரால ஸ்கான் பண்ணிக் கலந்த கலர் வெளிறிக் கிடக்குது எண்டு கேட்டிருந்தியள், அந்தக் கலரை விடுங்கோ, அது ஒத்து வராது. டாஷ்போட்டுக்குக் கீழ, இல்லாட்டிக் கதவின்ர உள் கார்ட்போட்டைக் கழட்டிப் பாருங்கோ, வெயில் படாத இடத்திலதான் கொம்பனிக் கலர் கிடக்கும்.

நீங்கள் சொல்லுற வெளிறல், பொனற்றில அறுபது வருச யாழ்ப்பாண வெயிலும் பிறகு அடிச்ச பெயின்றுகளும் சேந்ததால வந்திருக்கும், கம்பியூட்டர் அதைத்தான் பாத்துக் கலந்தது.

சின்ன இடமா 1200 நம்பர் வோட்டர் பேப்பரால (மெல்லிய உப்புத்தாள்) தண்ணி விட்டுத் தேயுங்கோ, வளையம் வளையமா லேயர் தெரியும், பிறைமருக்கு (அடிப்பூச்சுக்கு) மேல முதல் நிக்கிறதுதான் உங்கட கலர். பழைய பெயின்றில ஈயம் இருக்கலாம், காய விட்டுத் தேய்ச்சுத் தூசி கிளப்பாதேங்கோ. மைனருக்கு ஸ்மோக் கிரே எண்டு நீலம் கலந்த சாம்பலும் வந்தது, நான் அதைப் பிறைமர் எண்டு நினைச்சு முழுசாத் தேய்ச்சுப் போட்டன்!

கதவை மட்டும் நம்பாதேங்கோ, சண்டைக் காலத்தில இங்க ஒரு காரின்ர கதவு இன்னொரு காரில ஏறினதுதானே, காரின்ர பொடியிலயும் (உடம்பிலயும்) ஒரு இடம் பாருங்கோ.