ஆசிரியர்கள் யாரிடம் சந்தேகம் கேட்கிறார்கள்? – கேள்வி பதில்

கேள்வி (தலைமை ஆசிரியர், குடியாத்தம் பக்கம்): பள்ளித் தலைமை ஆய்வுகளில் ‘வலைப்பின்னல்’ என்று சொல்கிறார்களே சார், அது வாட்ஸ்அப் குரூப்பா?

பதில்: அது வேறு சார். குரூப்பில் சுற்றறிக்கை வரும், ஆளுக்கொரு கும்பிடு போடுவார்கள், அவ்வளவுதான். ஆய்வாளர் கேட்பது, “பாடம் நடத்துவதில் சிக்கல் வந்தால் யாரிடம் போய்க் கேட்கிறீர்கள்?” என்று. கேட்டவரிடமிருந்து கேட்கப்பட்டவருக்கு ஓர் அம்புக்குறி. மனநல மருத்துவர் மொரேனோ 1934லேயே இப்படிப் படம் வரைந்து காட்டினார். உங்கள் பள்ளிக்கு வரைந்தால் அதிக அம்புகள் உங்களிடமே வந்து சேரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் போய் நிற்கலாம். தலைமை பலரிடம் பரவிக் கிடக்கிறது என்று கல்வி ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்பிலேன் எழுதுவது இதைத்தான்.

கேள்வி (எம்.எட். மாணவி, காட்பாடி): 12 ஆசிரியர்கள் உள்ள நடுநிலைப் பள்ளியில் ‘யாரிடம் கேட்கிறீர்கள்’ படிவத்தை 7 பேர்தான் நிரப்பித் தந்தார்கள். போதுமா?

பதில்: போதாதும்மா. சாதாரண சர்வேயில் சிலர் விடுபட்டால் சமாளிக்கலாம். இங்கே ஒருவர் விடுபட்டால் அவரிடமிருந்து கிளம்பும் அம்புகள் எல்லாமே போய்விடும். எண்பது சதவீதத்துக்குக் குறைந்தால் நான் படமே வரைய மாட்டேன். மீதிப் பேர் ஏன் தரவில்லை என்று யோசித்தீர்களா? படிவத்தை ஹெச்.எம். மேசையில் வைக்கச் சொல்லியிருந்தால் நானும் தந்திருக்க மாட்டேன். யார் யாரிடம் பேசுவதில்லை என்பதும் அதில் தெரிந்துவிடுகிறதே! பெயருக்குப் பதில் எண் போட்டாலும், பள்ளியில் ஒரே ஒரு உருது ஆசிரியர் என்றால் அவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். முழுப் படத்தைப் பள்ளியில் காட்டாதீர்கள். அப்புறம், பெயர்களை நினைவிலிருந்து எழுதச் சொல்லாமல் பட்டியல் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லுங்கள். மென்பொருள் வேண்டுமென்றால் கெஃபி இலவசம். 12 பேருக்கு சார்ட் பேப்பரே போதும்.

கேள்வி (பேரணாம்பட்டு): எங்கள் பள்ளியில் தமிழ் வழி ஒரு கட்டடம், உருது வழி இன்னொரு கட்டடம். இரண்டு பக்கமும் கணக்கு ஆசிரியர்கள் உண்டு, பேச்சு மட்டும் இல்லை. மனஸ்தாபமா?

பதில்: தூரமாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் 14 தொடக்கப் பள்ளிகளைப் பார்த்த ஸ்பிலேன் குழு, அறைகள் பக்கத்தில் இருந்தால் பாடம் பற்றிய பேச்சும் கூடுகிறது என்று 2017ல் எழுதியது. வாரத்தில் ஒரு காலி பீரியடை இரண்டு கணக்கு ஆசிரியர்களுக்கும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். சமாதானக் கூட்டம் எதுவும் வேண்டாம்.

கேள்வி (பீஞ்சமந்தை மலைப்பக்கம்): நாங்கள் ஈராசிரியர் பள்ளி. இதில் என்ன வலைப்பின்னல்?

பதில்: உள்ளே தேடாதீர்கள், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் தேடுங்கள். எப்போதாவது பார்க்கும் ஆளிடமிருந்துதான் புதுச் செய்தி வரும் என்று சமூகவியலாளர் கிரானோவெட்டர் 1973ல் காட்டினார். ஆனால் கூட்டத்தில் ஒரே பள்ளிக்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, பஸ்ஸுக்கு ஓடினால் பயனில்லை. வகுப்புவாரியாக உட்காரவைக்கச் சொல்லி ஆசிரியர் பயிற்றுநரிடம் கேளுங்கள்.

கேள்வி: இதனால் மார்க் கூடுமா?

பதில்: நேரடியாகக் கூடாது. கற்றலைப் பாதிக்கும் பள்ளிக் காரணிகளில் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்தது தலைமை என்று கல்வி ஆய்வாளர் லீத்வுட்டின் குழு 2004ல் சொன்னது. அதுவும் பெரும்பாலும் ஆசிரியர் வழியாகத்தான் போய்ச் சேருகிறது. தவிர, பேசுவதால் பள்ளி நன்றாக இருக்கிறதா, நன்றாக இருப்பதால் பேசுகிறார்களா என்பதை ஒரே ஒரு தடவை எடுத்த படத்தை வைத்துப் பிரிக்க முடியாது. அடுத்த ஆண்டும் எடுங்கள்.