ஆங்கில எழுத்துக்கூட்டல்: மதுரைத் தேர்வர்களின் கேள்விகளும் என் பதில்களும்

மதுரை புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்), வங்கித் தேர்வுகளுக்குப் படித்துவரும் சிலர், ஆங்கிலச் சொற்களின் எழுத்துக்கூட்டல் குறித்து என்னிடம் கேட்டவற்றுள் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மேலூர்த் தேர்வர்: ஐயா, ஐயாயிரம் சொற்கள் அடங்கிய பட்டியலை மனப்பாடம் செய்தும், 'அகாமடேட்' என்ற சொல்லில் எத்தனை சி, எத்தனை எம் என்பது ஒவ்வொரு முறையும் தடுமாற்றமாகவே இருக்கிறது. என் நினைவாற்றலில் குறையா?

குறை நினைவாற்றலில் இல்லை. நாம் காதை நம்புவதில் இருக்கிறது. தமிழில் 'கனி' வேறு, 'கன்னி' வேறு. ஒற்று இரட்டித்தால் காது உடனே சொல்லிவிடும். ஆங்கிலத்திலோ ஒரு சொல்லுக்குள் எழுத்து இரட்டித்தாலும் ஒலி பெரும்பாலும் இரட்டிப்பதில்லை என்பதால், காதைக் கேட்டு எழுதுபவர் ஏமாந்துபோவார். அதற்குப் பதிலாகப் புணர்ச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். 'நல்' என்பதும் 'நூல்' என்பதும் சேர்ந்தால் 'நன்னூல்' ஆவதைப் போல, லத்தீனின் 'அட்' என்ற முன்னொட்டிலுள்ள டி, பல சொற்களில் தனக்கு அடுத்து வரும் எழுத்தாகவே திரிந்துவிடும். 'அகாமடேட்' என்பதில் 'அட்', 'காம்', 'மோடுஸ்' என்னும் மூன்று உறுப்புகள் உள்ளன. முதல் சேர்க்கையில் டி திரிந்து சி இரட்டிக்கிறது, இரண்டாவதில் எம் தானாகவே இரண்டாகிறது. 'அனவுன்ஸ்' என்பதில் இரண்டு என் வருவதும், 'இமீடியட்' என்பதில் 'இன்' திரிந்து இரண்டு எம் வருவதும் இதே வகைதான். 'ஹராஸ்' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று; அதில் ஆர் ஒன்று, எஸ் இரண்டு. 'எம்பாரஸ்' என்பதில் மட்டும் ஆர், எஸ் இரண்டுமே இரட்டிக்கும். இவ்விரண்டையும் அருகருகே எழுதிப் பழகுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உசிலம்பட்டித் தேர்வர்: 'நிகழ்ந்தது' என்று பொருள்படும் 'அக்கர்டு' என்பதில் ஆர் இரட்டிக்கிறது, 'ஆஃபர்டு' என்பதில் இரட்டிக்கவில்லையே, ஐயா?

ஓர் உயிரெழுத்தும் அதன்பின் ஒரு மெய்யெழுத்துமாக முடியும் மூலச் சொல்லின் கடைசி அசையில் அழுத்தம் விழுந்தால், 'எட்' சேரும்போது இறுதி மெய் இரட்டிக்கும். 'அக்கர்' என்பதில் அழுத்தம் பின்னசையில் விழுகிறது; 'ஆஃபர்' என்பதில் முன்னசையில். இதன் நுட்பம் 'ரிஃபர்' என்ற சொல்லில் தெளிவாகத் தெரியும்: 'ரிஃபர்டு' என்பதற்கு இரண்டு ஆர், ஆனால் 'ரெஃபரன்ஸ்' எனும்போது அழுத்தம் முன்னே நகர்ந்துவிடுவதால் ஒரே ஆர். 'அக்கரன்ஸ்' என்பதில் அழுத்தம் நகராததால் இரட்டிப்பு நீடிக்கிறது. நாம் பெரும்பாலும் எல்லா அசைகளையும் ஒரே அளவாக உச்சரிப்பவர்கள் என்பதால், அகராதியில் அழுத்தக் குறியைப் பார்க்காமல் இந்த விதி பயன் தராது. 'டிராவல்' போல எல்லில் முடியும் சொற்களைப் பிரிட்டிஷ் வழக்கு அழுத்தம் பாராமல் இரட்டிக்கும். அமெரிக்க வழக்கு, அழுத்தம் கடைசி அசையில் இல்லாதபோது இரட்டிக்காது. நமது தேர்வுகளுக்குப் பிரிட்டிஷ் வழக்கையே கைக்கொள்ளுங்கள்.

திருமங்கலத் தேர்வர்: ஒலிக்காத எழுத்துகளை எப்படி நினைவில் வைப்பது?

சொல்லின் உறவினர்களைத் தேடுங்கள், அம்மா. 'சைன்' என்பதில் ஒலிக்காத ஜி, 'சிக்னேச்சர்' என்பதில் வாய்விட்டுப் பேசும். 'ரிசீட்' என்பதில் ஒளிந்திருக்கும் பி, 'ரிசெப்ஷன்' என்பதில் வெளிப்படும். 'டெட்' எனும் கடனுக்குரிய சொல் பிரெஞ்சிலிருந்து பி இல்லாமலேதான் ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீன் மூலத்தை நினைவூட்ட அறிஞர்கள் பிற்காலத்தில் அந்த எழுத்தை நுழைத்தார்கள். வங்கிக் கணக்கிலுள்ள 'டெபிட்' அதன் உடன்பிறப்பு. 'செபரேட்' என்பதில் பி-க்குப் பின் வருவது ஏ-யா, இ-யா என்ற ஐயத்தையும் இதே முறை தீர்க்கும். அதுவும் 'பிரிப்பேர்' என்பதும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை, இரண்டிலும் ஏ-தான். உறவு எப்போதும் கைகொடுக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்: 'புரனவுன்ஸ்' என்பதிலுள்ள ஓ-யூ, 'புரனன்சியேஷன்' எனும்போது ஓ-வை இழந்துவிடுகிறது.

செல்லூர்த் தேர்வர்: 'சீட்' என்று முடியும் சொற்கள்?

இரண்டு இ வருபவை 'எக்சீட்', 'புரொசீட்', 'சக்சீட்' ஆகிய மூன்றும்தான். எஸ் இட்டு முடிவது 'சூப்பர்சீட்' ஒன்றே. 'பிரிசீட்', 'கன்சீட்' போன்றவை சி-இ-டி-இ. ஆனால் 'புரொசீஜர்' என்பதில் சி-க்குப் பின் ஒரே இ என்பதைக் கவனியுங்கள்.

ஆனையூர்த் தேர்வர்: 'ஸ்டேஷனரி' இரண்டில் எது கடை?

இ வருவது எழுதுபொருள். ஏ வருவது நகராமல் நிற்பது. மாசி வீதிகளில் நடந்தபோது ஏ போட்ட கடைப் பலகை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். கடை நகராதது என்பதும் உண்மைதானே என்று விட்டுவிட்டேன்.

திருப்பரங்குன்றத் தேர்வர்: மாதிரித் தேர்வுகளை நிறைய எழுதினால் போதுமா, ஐயா?

போதாது, சில வேளைகளில் கெடுதலும் செய்யும். நான்கு வடிவங்களில் மூன்று தவறானவையாக இருக்கும் வினாக்களை நூற்றுக்கணக்கில் பார்த்தால், தவறான வடிவமும் கண்ணுக்குப் பழகிச் சரியானதாகத் தோன்றத் தொடங்கும். எனவே தேர்வு முடிந்ததும் சரியான வடிவத்தை மட்டும் கையால் மூன்று முறை எழுதுங்கள். உங்கள் குறிப்பேட்டில் தவறான வடிவத்தை எழுதி அடித்துக்காட்டும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.